அமரிக்கை என்றால் அசையாமல் உட்கார்ந்திருப்பதா?

கேள்வி: எனக்கு 46 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிற்றூர். வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். மகள் வெளியூரில் நர்ஸிங் படிக்கிறாள், மகன் பிளஸ் டூ. கணவருக்கு 53. பல வருஷ சுகர், பிரஷர். இப்போது இரண்டு கிட்னியும் செயலிழந்து, எட்டு மாதமாகத் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். புத்தாண்டு இரவு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் ‘அமரிக்கையும் நம்பிக்கையுமே உங்கள் பெலனாயிருக்கும்’ என்று இருந்தது. கடிகாரத்துக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறேன். ஆனால் என்னிடம் அமரிக்கையும் இல்லை, பெலனும் இல்லை. ஊசியில் நூல் கோக்கக் கை நடுங்குகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. போன மாதம் ஒரு வியாழக்கிழமை சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய் வந்து, ‘ஆண்டவர் தொட்டுவிட்டார், நாளைக்கு டயாலிசிஸ் வேண்டாம்’ என்று இவர் சொல்லிவிட்டார். எதிர்த்துச் சொன்னால் அவிசுவாசம் ஆகிவிடுமோ என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். ஞாயிறு விடியற்காலையில் மூச்சு முட்டி, வாடகைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டார். அதிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. ‘நீ அழுதுகொண்டே இருப்பதால்தான் அற்புதம் தள்ளிப்போகிறது’ என்கிறார் ஜெபக்குழுவில் மூத்த அக்கா ஒருவர். வெள்ளிதோறும் உபவாசம் இருக்கிறேன். என் விசுவாசத்தில் என்ன குறை? தேவனை நம்பி உறுதியாக நிற்பது எப்படி? சில நாள், இவருக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை என்றுகூடத் தோன்றுகிறது.

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். தாளின் அடியில் இடம் பத்தாமல், எழுத்தைச் சிறிதாக்கி அதை எழுதியிருக்கிறீர்கள். இருபது வருஷமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன், அதில் பாதி நாள் ஒரு ஆஸ்பத்திரியின் கிட்னி வார்டில். சொல்ல வேண்டியதிலேயே கனமானதை ஆட்கள் கதவைத் திறந்து வெளியே போகும்போதுதான் சொல்வார்கள். ‘போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை’ என்பதை நோயாளியைப் பார்த்துக்கொள்கிற எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். சொன்னதால் நீங்கள் பாவியாகிவிடவில்லை. ஆனால் அதைக் கேட்டும் கேட்காததுபோல என்னால் தாண்டிப்போக முடியாது. அந்த நினைப்பு எப்போதாவது வந்து போகிறதா, அடிக்கடி வருகிறதா, எப்படிச் செய்வது என்று யோசிக்கிற வரைக்கும் போகிறதா? அடிக்கடி என்றாலோ அதற்கு மேலே என்றாலோ இதை வாசித்து முடிக்கிறவரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவை அது. காசு கிடையாது, தமிழில் பேசலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். மகளிடமும் சொல்லுங்கள். நர்ஸிங் படிக்கிற பெண், தாங்கிக்கொள்வாள்.

உங்களுக்கு வேதம் நன்றாகத் தெரியும் என்பது எழுத்திலேயே தெரிகிறது. நான் போதகர் இல்லை. ஆனால் குடும்ப ஜெபம் நடக்கிற வீட்டில் வளர்ந்தவள். அதனால் உங்கள் பாஷையிலேயே பேசுகிறேன். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே போய் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டதை ஞாயிறு பள்ளியில் படித்திருப்பீர்கள். வானத்திலிருந்து அக்கினியை இறக்கிய ஆள், அடுத்த அதிகாரத்திலேயே இப்படிக் கேட்கிறார். தேவதூதன் வந்து என்ன செய்தான்? விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டியெழுப்பி, எழுந்து சாப்பிடு என்றான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துக்கொண்டார். தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். மற்ற பேச்செல்லாம் அதற்கப்புறம்தான்.

சரி, இப்போது உங்கள் வெள்ளிக்கிழமையைப் பார்ப்போம். விடியற்காலை பஸ், ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம், பார்மஸி வரிசை, திரும்பி வந்து சமையல், மிச்சம் கிடக்கிற ஜாக்கெட்டுகள். இவ்வளவையும் வெறும் வயிற்றில் செய்கிறீர்கள். அதுவும் முந்தின ராத்திரி இரண்டு மணியிலிருந்து விழித்த உடம்போடு. கை நடுங்காமல் என்ன செய்யும்? உபவாசம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. டயாலிசிஸ் நாளில் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எலியாவுக்கு வந்த தூதன் உங்களுக்கு வந்தாலும் முதலில் இரண்டு இட்லியைத்தான் நீட்டுவான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உங்கள் ரத்தத்தையும் சோதித்துப் பார்த்துவிடுங்கள்: தைராய்டு, சுகர், ஹீமோகுளோபின். பிரஷரையும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு சுரப்பி அளவுக்கு மேல் வேலை செய்தால் கை நடுங்கும், தூக்கம் கெடும், நெஞ்சு படபடக்கும், காரணமே இல்லாமல் பதறும். உங்கள் வயதுப் பெண்கள் எத்தனையோ பேர் இதை மனசின் பலவீனம், ஜெபக் குறைவு என்று வருஷக்கணக்கில் தங்கள் தலையில் போட்டுக்கொண்டு அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கும் அதுதான் என்று சொல்லவில்லை. ரத்தத்தில் பார்க்க வேண்டியதை ஆத்துமாவில் தேடாதீர்கள் என்கிறேன். ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருந்து, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் இல்லை, எதிலும் பிடிப்பும் இல்லை என்றால் மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் அதற்கென்று தனிப் பிரிவு இருக்கும்.

அடுத்து அந்த வசனம். கடிகாரத்துக்குக் கீழே எட்டு வார்த்தைகூட இல்லாத ஒரு அட்டையாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். வாக்குத்தத்த அட்டையில் இருக்கிற சிக்கலே, வசனத்தை அதன் வீட்டிலிருந்து கத்தரித்து எடுத்துவிடுகிறது என்பதுதான். துணியைக் கத்தரிக்கிற உங்களுக்கு இது புரியும்: துண்டை மட்டும் பார்த்தால் அது கைக்கு வந்ததா கழுத்துக்கு வந்ததா என்று சொல்ல முடியாது. ஏசாயா 30ஆம் அதிகாரத்தை முழுதாக எடுத்து வாசியுங்கள். அசீரியாக்காரன் வருகிறான் என்று யூதா தேசம் கதிகலங்கிக் கிடந்த காலம். எருசலேமின் பெரிய மனிதர்கள் கழுதை முதுகிலும் ஒட்டகத் திமிலிலும் பொருளை ஏற்றி எகிப்துக்கு அனுப்புகிறார்கள், அவன் குதிரைப் படையோடு வந்து காப்பாற்றுவான் என்று. தீர்க்கதரிசி அவர்களைப் பார்த்துத்தான் அதைச் சொல்கிறார். அவர்களுடைய பதில் அடுத்த வரியிலேயே இருக்கிறது: இல்லை, நாங்கள் குதிரை ஏறி ஓடுவோம். ஆக அந்த வார்த்தை பதறிப் போய்க் கண்ட இடத்தில் போய் விழாதே என்று சொல்ல வந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்காரு என்ற அர்த்தம் அதில் இல்லை.

அமரிக்கை என்ற சொல்லையே பாருங்களேன். நம் பக்கத்துப் பேச்சில் அடுப்பு அமந்துபோச்சு, காற்று அமந்துபோச்சு என்போம். ஆடிக்கொண்டிருந்த ஒன்று மெல்ல இறங்கி அடங்குவதுதான் அமர்வது. ஆடாத பொருளுக்கு அமரிக்கை தேவையே இல்லை. ஆக, கை நடுங்குகிறவர்தான் அந்த அட்டைக்குச் சரியான விலாசதாரர். இது என் தனிப்பட்ட ரசனை, வேத விளக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தக் காலத்து யூதா ராஜா எசேக்கியாவைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். உங்கள் கேள்விகள் மூன்றுக்கும் அவருடைய கதையில் பதில் கிடக்கிறது.

கி.மு. 701இல் அசீரியா ராஜா சனகெரிப் யூதாவுக்குள் நுழைந்தான். அவன் தன் பிரதாபத்தைக் களிமண் பட்டகத்தில் எழுதிவைத்தான். அது இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அரணான 46 பட்டணங்களைப் பிடித்தேன், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல எருசலேமுக்குள் அடைத்தேன் என்கிறான். வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவருக்குக் கூண்டு என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கூண்டுக்குள் ராஜா என்ன செய்தார்? மிரட்டல் கடிதம் வந்தது. வாங்கி வாசித்தார். தேவாலயத்துக்கு எடுத்துக்கொண்டு போய் அதைக் கர்த்தருக்கு முன்னால் விரித்துவைத்தார். ஜெபம் அதற்கப்புறம் வருகிறது. முதலில் தாள். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும்; அகில உலகமும் அறிந்த கடவுளுக்கு வாசிக்கத் தாளை விரித்துக் காட்டுகிற அந்தக் குழந்தைத்தனத்துக்காகவே. ஜெபம் வரவில்லை என்கிறீர்களே, வர வேண்டாம். கிரியாட்டினின், பொட்டாசியம் போட்ட அந்த லேப் ரிப்போர்ட்டையும், மளிகைக்கடை பாக்கிச் சிட்டையையும், மகனுடைய பீஸ் ரசீதையும் தையல் மெஷின் மேல் பரப்பிவைத்துவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா பக்கத்தில் உட்காருங்கள். ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.

அதே ராஜா தண்ணீருக்கும் வழி பார்த்தார். முற்றுகை போட்டால் ஊருக்குத் தண்ணீர் வேண்டுமே. கீகோன் ஊற்றிலிருந்து நகரத்துக்குள்ளே தண்ணீரைத் திருப்பினார் என்று வேதம் சொல்கிறது. அவர் வெட்டியதாகச் சொல்லப்படுகிற சுரங்கத்தில் இன்றைக்கும் முழங்கால் தண்ணீரில் நடந்து போகலாம். 533 மீட்டர், முழுக்கப் பாறை. இரண்டு முனையிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்திருக்கிறார்கள். 1880இல் அதன் சுவரில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. கடைசிச் சில முழம் பாக்கி இருக்கும்போது எதிர்ப்பக்கத்து ஆள் கூப்பிடுகிற குரல் பாறை வழியாகக் கேட்டதாம். நம்பிக்கையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். ஒரு பக்கம் கடவுள் பார்த்துக்கொள்வார் என்ற ராஜா, இன்னொரு பக்கம் உளியும் சுத்தியும். அவருக்கு இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கவில்லை.

மூன்றாவது, நோய். எசேக்கியா சாகக் கிடந்தார். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு விக்கி விக்கி அழுதார். உன் விண்ணப்பத்தைக் கேட்டேன், உன் கண்ணீரைக் கண்டேன் என்று பதில் வந்தது. அழுதாய், ஆகவே தள்ளிப்போடுகிறேன் என்று வரவில்லை. ஆனால் என்ன செய்யச் சொன்னார் தீர்க்கதரிசி ஏசாயா? அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடுங்கள், அப்போது பிழைப்பார் என்றார். பதினைந்து வருஷம் கூட்டித் தருவதாகக் கடவுளே வாக்குக் கொடுத்தபிறகும் பற்றுப்போட வேண்டியிருந்தது. உங்கள் வீட்டுக்காரருடைய அத்திப்பழ அடை அந்த மெஷின்தான்.

இதில் நான் தயவுதாட்சண்யம் பார்க்கப்போவதில்லை. நல்ல கிட்னி வாரம் முழுக்க, ராத்திரி பகல் பாராமல் செய்கிற வேலையில் ஒரு பங்கை அந்த மெஷின் வாரத்துக்கு 12 மணி நேரத்தில் செய்து தருகிறது. அதில் நாலு மணி நேரத்தை விட்டுவிட்டால், புதன் மத்தியானத்திலிருந்து திங்கள் காலை வரைக்கும் கிட்டத்தட்ட ஐந்து நாள் தண்ணீரும் உப்பும் கழிவும் உடம்பிலேயே நிற்கும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அன்றைக்கு விடியற்காலையில் உங்கள் வீட்டில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும். நீராவது மூச்சு முட்டவைத்து எச்சரிக்கை கொடுக்கிறது. பொட்டாசியம் ஏறினால் பல நேரம் எந்த எச்சரிக்கையும் இருக்காது, இதயம் நின்றுவிடும். ஜெபித்துச் சுகம் கிடைத்தது என்றால் அடுத்த ரத்தப் பரிசோதனையில் அது தெரியும். டாக்டரே நாளைக் குறைப்பார். அதுவரை ஒரு நாள்கூட விடக்கூடாது. இதை நீங்கள் சொல்வது அவிசுவாசம் ஆகாது.

அவரிடம் எப்படிச் சொல்வது? மேடைப் பேச்சுக்கு அப்புறம் அவர் வேண்டாம் என்றதை நான் முட்டாள்தனமாகப் பார்க்கவில்லை. எட்டு மாதமாக வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு தடித்த ஊசி. வெயில் காலத்தில்கூடத் தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. ஒரு வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தால் யார்தான் ஆமென் சொல்ல மாட்டார்கள்? அவருக்குள் இருந்த சலிப்பு விசுவாசத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது. அதனால் ‘ஏன் அன்றைக்கு அப்படிச் சொன்னீர்கள்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘உங்களுக்கு இதில் எது ரொம்பக் கஷ்டமாக இருக்கு?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் பேச ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிக்கு உங்கள் குருவானவரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். உங்கள் வாயிலிருந்து வந்தால் பயமாகத் தெரிகிற அதே வார்த்தை, அவர் வாயிலிருந்து வந்தால் ஆலோசனையாகத் தெரியும். நம் ஊர் ஆண்கள் அப்படித்தான். வேண்டுமானால் வேலூர் சி.எம்.சி.யைச் சொல்லச் சொல்லுங்கள். ஐடா ஸ்கடர் என்ற மிஷனரி டாக்டரம்மா 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய இடம். 1971இல் சிறுநீரக மாற்று அறுவை நம் நாட்டில் முதன்முதலாக வெற்றியானது அங்கேதான். ஜெபிக்கிறவர்கள் கட்டிய ஆஸ்பத்திரியில் மெஷினும் ஓடுகிறது, சேப்பலும் நடக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் 1988இல் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். கஷ்டம் வரும்போது பக்தர்கள் கடவுளோடு எப்படி வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றியது. சிலர், மூளையைக் கொடுத்துவிட்டார், இனி என் பாடு என்று எல்லாவற்றையும் தாங்களே சுமப்பார்கள். சிலர், எல்லாம் அவர் செய்வார் என்று ஸ்டியரிங்கை விட்டுவிடுவார்கள். சிலர், நீர் உம் பங்கு, நான் என் பங்கு என்று சேர்ந்து வேலை செய்வார்கள். என் வார்டு அனுபவத்தில் கடைசி ரகம்தான் வருஷக்கணக்கில் தாக்குப்பிடித்தது. உங்கள் வீட்டில் அந்த வெள்ளிக்கிழமை அவர் இரண்டாவது ரகத்தில் இருந்தார். நீங்கள் எட்டு மாதமாக முதல் ரகத்தில் இருக்கிறீர்கள். வாயால் ‘ஆண்டவரே உம்மை நம்புகிறேன்’, தோளில் முழுப் பாரமும். யாரையும் உதவிக்குக் கூப்பிட்டதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே.

கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அதை எழுதவில்லை; ‘ஜெபம் வரவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது கோபமாகத்தான் காதில் விழுகிறது. இவ்வளவு நம்பினோமே, இப்படி மூச்சு முட்டவைத்துவிட்டாரே என்ற கோபம். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். கடைசி வரி வரைக்கும் முறையீடு. தோழர்களும் தூரமாகப் போய்விட்டார்கள் என்று முடிந்துவிடுகிறது. ‘ஆனாலும் துதிப்பேன்’ என்று ஒரு திருப்பம் வரும் என்று தேடினால் வராது. அதைத் தொகுத்தவர்கள் வெட்டிவிடவில்லை, ஆராதனையில் வாசிக்கிற புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள். ஆக, முறையிடுகிறவர்கள் வெளியே நிற்கிறவர்கள் இல்லை.

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த வருஷம், ராத்திரி எட்டு மணிக் குடும்ப ஜெபத்தில் அம்மா வாய் திறக்கமாட்டார். பாட்டுப்புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருப்பார், பல நாள் தலைகீழாக. நாங்கள் பாடி முடித்ததும் மூடி எடுத்து வைப்பார். அவ்வளவுதான். ஒரு நாள் திடீரென்று, பாட்டின் மூன்றாவது சரணத்தில், அவர் குரலும் கேட்டது. ஏன் அன்றைக்கு என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அத்தனை மாதமும் எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்தார் பாருங்கள், அதைத்தான் நான் உறுதி என்பேன். உறுதி நெஞ்சு நிமிர்ந்த ஒரு நிலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அது ஒரு நேரமும் ஒரு பாயும்தான்.

உங்கள் ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்று சொல்கிறேன். படுத்தபடியே மனசுக்குள் கடன், படிப்பு, கிட்னி என்று ஜெபக் குறிப்புகளை வரிசையாக ஓட்டாதீர்கள். அது ஜெபம் என்ற பெயரில் கவலைக் கணக்கு. எழுந்து சுவரில் சாய்ந்து உட்காருங்கள். மூச்சை இழுக்கும்போது ‘அமரிக்கையும்’, விடும்போது ‘நம்பிக்கையும்’. விடுவது இழுப்பதைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். 2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரை வைத்து, ஜெபமாலை சொல்லும்போதும் யோக மந்திரம் சொல்லும்போதும் உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஆறாக இறங்கி, இதயத் துடிப்பும் அதோடு சேர்ந்து ஒரு தாளத்துக்கு வந்தது. முன்னோர்கள் ஆய்வுக்கூடம் இல்லாமலேயே கண்டுபிடித்த நீளம் அது. பத்து நிமிஷம் செய்தும் தூக்கம் வராவிட்டால் பரவாயில்லை, உடம்பாவது இறங்கியிருக்கும்.

அப்புறம், அவருடைய கை. டயாலிசிஸுக்காக அதில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் புருபுருவென்று பூனை உறுமுவதுபோல ஒரு அதிர்வு தெரியும். தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லி நர்ஸ் சொல்லிக்கொடுத்திருப்பார். அதிர்வு இருந்தால் ரத்தம் ஓடுகிறது. இல்லாவிட்டால் அடைத்துவிட்டது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வார்டில் ஒரு பாட்டி இருந்தார். ராத்திரி படுக்கப்போகும்முன் தாத்தாவின் கையில் இரண்டு விரலை வைத்து, ‘ஓடுது, தோத்திரம்’ என்பார். அவருடைய முழு ஜெபமும் அதுதான். தாத்தா தூக்கத்திலேயே ‘உம்’ கொட்டுவார். ஜெபம் வராத இந்த நாட்களில் நீங்களும் அதைச் செய்து பாருங்கள். எப்படியும் செய்ய வேண்டிய பரிசோதனைதான். உங்கள் விரலும் நடுங்கும், அவர் கையும் அதிரும். எது யாருடையது என்று ஒரு நிமிஷம் தெரியாது. தெரிய வேண்டாம்.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் சேரும். அட்டை இல்லாவிட்டால் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் விசாரியுங்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்கான மாநிலக் காத்திருப்புப் பட்டியலில் அவர் பெயரைப் பதியலாமா என்றும் கிட்னி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசியாக அந்த மூத்த அக்கா. அவர்மேல் எனக்கும் கோபம் வந்தது, எழுதும்போது இரண்டு வாக்கியத்தை அடித்துவிட்டேன். பயந்தவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள் என்பது என் அனுபவம். இவளுக்கு வந்தது எனக்கும் வரலாம் என்ற பயத்தை, இவளிடம் ஏதோ குறை இருப்பதால்தான் வந்தது என்று சொல்லி ஆற்றிக்கொள்வார்கள். அவரோடு வாதாட வேண்டாம், எசேக்கியா கதையைச் சொல்லித் திருத்தவும் வேண்டாம். அடுத்த கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது சாதாரணமாக இப்படிக் கேளுங்கள்: “அக்கா, வெள்ளிக்கிழமை இவங்களுக்கு டயாலிசிஸ் இருக்கு. அஞ்சரை மணி பஸ். எனக்குத் தனியா உட்கார்ந்திருக்க முடியல. நீங்க கூட வர்றீங்களா? உங்களுக்கும் சேர்த்து இட்லி கட்டிட்டு வர்றேன்.”